வயதான அப்பாவிடம் இரட்சிப்பைப் பற்றிப் பேசுவது எப்படி?

கடைக்குட்டி:

என் அப்பாவுக்கு 83 வயது. திருச்சபையின் பொருளாளராக 31 ஆண்டுகள் இருந்தவர். ஞாயிறு ஆராதனைக்கு அவர் போகாத வாரம் எனக்கு நினைவில் இல்லை. அன்றைய காணிக்கையைப் பேரேட்டில் ஏற்றாமல் அவர் படுக்கப் போனதையும் நான் பார்த்ததில்லை. இதயம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது என்று மருத்துவர் சென்ற மாதம் சொன்னார். அன்றிலிருந்து ஒரே கேள்விதான் என்னைக் குடைகிறது: இத்தனை ஆண்டுகள் ஆலயத்துக்குப் போய்வந்த அப்பாவுக்கு இரட்சிப்பின் நிச்சயம் உண்டா?

ஒரு நாள் இரவு துணிந்து கேட்டேவிட்டேன்: "அப்பா, இன்றைக்கு ராத்திரியே இறந்துபோனால் நீங்கள் எங்கே போவீர்கள்?" அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, "பிணவறைக்கு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டார். மறுநாள் நான் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தபோது, "நான் யார் குடியைக் கெடுத்தேன்? எவனுடைய காசையாவது எடுத்தேனா? என் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்று சத்தம் போட்டார். மூன்று வாரங்களாக நான் வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்தாலே அவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அவரை வருத்தப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் பேசாமலே இருந்து அவர் போய்விட்டால், அதன் பிறகு என்னை நானே மன்னிக்க முடியும் என்றும் தோன்றவில்லை. இந்த வழியில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபலகை:

சகோதரி, உங்கள் பாரம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். முன்பின் அறியாதவரிடம் ஐந்து நிமிடத்தில் பேசி முடிப்பதற்காகப் பழக்கப்படுத்தப்பட்ட கேள்வி அது. உங்களுக்குப் பெயர் வைத்தவரிடம் அதைக் கேட்டால் விசாரணை அதிகாரி கேட்பதுபோல் இருக்கும். "முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல், அவனைத் தகப்பனைப்போலவும்" எண்ணிப் புத்தி சொல்லும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சபையிலுள்ள முதியவர்களையே தகப்பனைப்போல் நடத்த வேண்டுமென்றால், சொந்தத் தகப்பனை எப்படி நடத்த வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நான் ஆலயங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டுப்போன குமாரனின் உவமையைக் கேட்கும்போதெல்லாம் அது ஊதாரியான யாரோ ஒருவனைப் பற்றியது என்று நினைப்பார்கள். ஆனால் லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் கடைசி எட்டு வசனங்கள், வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்த மகனைப் பற்றியவை. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று அவன் பேரேட்டைத்தான் பிரித்து வைக்கிறான். தகப்பன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். அவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே உவமை நின்றுவிடுகிறது. இந்தப் பகுதியை விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற எபேசியர் 2:8 அதற்கு அடுத்த நாளுக்கு இருக்கட்டும். கணக்கு எழுதியே பழகியவருக்கு, இலவசம் என்பது எளிதில் செரிக்காத சொல்.

ஐயக்காரன்:

நான் விசுவாசி அல்லன். உங்கள் இழைக்குள் நுழைந்ததற்கு மன்னிக்கவும். இதயம் பலவீனமான ஒரு முதியவரிடம் இரவு நேரத்தில் சாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்; அந்தக் கேள்வி அவருடைய நிம்மதிக்காகவா, உங்களுடைய நிம்மதிக்காகவா என்பதை மட்டும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

கடைக்குட்டி:

ஐயக்காரன் அவர்களே, உங்கள் கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி என்று சொல்லத் தோன்றுகிறது. நான் நம்புவது உண்மையென்றால் பேசாமல் இருப்பதும் அன்பு ஆகாது என்பதை மட்டும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதைத்தாண்டியவள்:

மகளே, இங்கே எல்லாரும் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். என் மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் அழைப்பான். உடம்பு எப்படி இருக்கிறது என்பான், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், "அம்மா, நீங்கள் ஆண்டவரை உங்கள் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டீர்களா?" என்பான். நேரில் வந்தாலும் இதேதான். என்னைப் பார்க்க வருகிறானா, என் ஆத்துமாவைப் பார்க்க வருகிறானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆமாம்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடவுள் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன். அது அவனுக்குப் புரியவில்லை.

அவனிடம் நான் சொல்லாத ஒன்றை முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். அவனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. அப்போதிருந்த குருவானவர் அடக்க ஆராதனை செய்ய மறுத்துவிட்டார். அந்தக் குழந்தையைப் பற்றி என்னிடம் அவர் சொன்ன வாக்கியத்தை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பிறகு 58 ஆண்டுகளாக "இரட்சிப்பு" என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அந்தத் துணிப்பொதிதான் கண்ணில் தெரியும். நான் பரலோகம் போவதற்கு வழி சொல்கிறவர்கள், அவள் அங்கே இருக்கிறாளா என்பதை முதலில் சொல்லட்டும். அவள் இல்லாத இடத்துக்கு என்னை ஏன் கூப்பிடுகிறார்கள்?

ஆகையால் மகளே, உன் அப்பா "மாட்டேன்" என்று சொல்வது எதற்கு என்று உனக்குத் தெரியும் என நினைத்துவிடாதே. வயதானவர்கள் கதவை அடைத்துக்கொண்டால், உள்ளே யாரோ ஒருவர் கிடத்தப்பட்டிருக்கக் கூடும்.

இன்னொன்று. இயேசுவைத் தேடி வந்த யூதத் தலைவர் நிக்கொதேமுவை எனக்குப் பிடிக்கும். "ஒரு மனுஷன் முதிர்வயதாயிருக்கையில் எப்படிப் பிறப்பான்?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான், அது வயதானவர்கள் கேட்கும் கேள்வி. யோவான் சுவிசேஷத்தில் அவர் மூன்று முறை வருகிறார். முதலில் இராக்காலத்தில் வந்து கேள்வி கேட்கிறார். பிறகு ஆலோசனைச் சங்கத்தில், விசாரிக்காமல் தீர்ப்பு சொல்லலாமா என்று ஒரு வார்த்தை பேசுகிறார். கடைசியில், அடக்கத்துக்கான வாசனைப்பொருள்களான வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் சுமந்துகொண்டு, இயேசுவை அடக்கம் செய்ய வருகிறார். "விசுவாசிக்கிறேன்" என்று அவர் வாயால் சொன்னதாக ஓரிடத்திலும் இல்லை. அந்தச் சுமையைத்தான் அவர் சொல்லாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பலிவாசகர்:

அம்மா, நான் கத்தோலிக்கன். உங்கள் சபை எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள் "லிம்போ" என்ற இடத்தில் இருப்பார்கள் என்று பல நூற்றாண்டுகளாக எங்களிடையே சொல்லப்பட்டு வந்தது. அது ஒருபோதும் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை. 2007-ஆம் ஆண்டில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவர்களின் ஒப்புதலோடு, பன்னாட்டு இறையியல் ஆணையம் இதைப் பற்றியே தனி ஆவணம் வெளியிட்டது; அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்பதே அதன் முடிவு. அறுதியிட்ட அறிவு என்று அது சொல்லவில்லை, நம்பிக்கை என்றுதான் சொல்கிறது. உங்களிடம் அன்று பேசியவர் தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டார். அதற்காக, சபை வேறாக இருந்தாலும், நான் உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்.

கடைக்குட்டி அவர்களுக்கு ஒரு குறிப்பு. எங்களில் பலர் நோயில் பூசுதலுக்கு, அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்குக்கு, குருவை அழைப்பதையே மரண அறிவிப்பாக நினைத்துப் பயப்படுகிறார்கள். அது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொல்லிவிட்டது. எந்தச் சபையானாலும் இதே பயம்தான்: மகள் வேதத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், மருத்துவர் தம்மிடம் மறைத்த எதையோ அவளிடம் சொல்லிவிட்டார் என்று அப்பா முடிவு செய்துகொள்வார். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை அவரிடம் நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

பழையபலகை:

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். தாவீதின் குழந்தை ஏழாம் நாளில் இறந்தபோது, "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்று அவன் சொன்னான். அந்த ஏழு நாள் பிறந்ததிலிருந்து எண்ணியது என்றால், எட்டாம் நாளில் செய்ய வேண்டிய விருத்தசேதனத்துக்கு அந்தக் குழந்தை இருக்கவில்லை என்பதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

ஆனால் நிக்கொதேமு விஷயத்தில் நான் முழுவதும் ஒத்துப்போக முடியாது. "கர்த்தராகிய இயேசுவை நீ உன் வாயினாலே அறிக்கையிட்டு" என்று ரோமர் 10:9 தெளிவாகச் சொல்கிறது. சுமையே சொல் ஆகிவிடும் என்றால், கடைக்குட்டியின் அப்பா சுமந்த 31 ஆண்டுப் பேரேடும் சொல் ஆகிவிடுமே. அதைத்தானே அவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்?

எண்பதைத்தாண்டியவள்:

பேரேடு அவர் தமக்காகச் சுமந்தது. போளம் நிக்கொதேமு செத்துப்போன ஒருவருக்காகச் சுமந்தது. அதனால் அவருக்கு வரவு எதுவும் இல்லை, நஷ்டம்தான். இந்த வித்தியாசத்தைப் பொருளாளர் ஒருவரால் புரிந்துகொள்ள முடியும்.

இரவுப்பணி:

முதியோர் பிரிவிலும் இறுதிக்காலப் பராமரிப்பிலும் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தத்துவம் எனக்கு வராது. கைவேலையாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் காது. வயதான காதில் முதலில் குறைவது உச்ச ஸ்தாயி ஒலிகள். அதனால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், ஆனால் எழுத்துகள் பிரிந்து கேட்காது. கத்தினால் இன்னும் மோசம். ஒரு மகன் தன் தாயின் படுக்கையருகே நின்று, அந்தத் தளம் முழுவதும் கேட்கும்படி, "உங்கள் பாவங்களை அறிக்கை செய்யுங்கள் அம்மா" என்று கத்தியதைப் பார்த்திருக்கிறேன். எதிர்க்கட்டிலில் இருந்த அம்மையார் தம் பாவங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முகம் தெரியும்படி, வெளிச்சத்தில், கண்மட்டத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

அடுத்து நேரம். முதியவர்கள் பலருக்குப் பொழுது சாயும்போது மனம் தளர்ந்துவிடும்; மறதி நோய் இருந்தால் குழப்பமும் அப்போதுதான் கூடும். படுக்கும் நேரத்தில் சாவைப் பற்றிக் கேட்டது கேள்வியின் தவறு மட்டுமன்று, கடிகாரத்தின் தவறும்கூட. காலையில், அவர் முகம் கழுவித் தெளிவாக இருக்கும்போது உட்காருங்கள்.

மூன்றாவது, கடைசி நேரத்துத் தலையசைப்பை நம்பி எதையும் கட்டாதீர்கள். நினைவு தப்பிய நிலையில் இருப்பவரிடம் "விசுவாசிக்கிறீர்களா? ஆம் என்றால் என் கையை அழுத்துங்கள்" என்று கேட்பார்கள். உள்ளங்கையில் எதை வைத்தாலும் இறுகப் பிடிக்கும் அனிச்சை அந்த நிலையில் சிலருக்குத் திரும்பிவிடும். அதை வைத்து நிம்மதி அடைந்தவர்களையும், அழுத்தாத கையை நினைத்து ஆண்டுக்கணக்கில் அழுதவர்களையும் நான் அறிவேன். இரண்டுமே அந்தக் கைக்குச் சம்பந்தமில்லாதவை. மாறாக, பேச்சே போய்விட்ட ஒருவர், மகளின் பெயரே மறந்துபோனவர், யாரோ "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கியதும் சங்கீதம் முழுவதையும் கூடவே சொல்லி முடித்தார். சிறுவயதில் மனப்பாடம் செய்தது அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. அவர் படித்த பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசியுங்கள். புதிய நடையில் வாசித்தால் அந்தக் கயிறு அறுந்துவிடும்.

பழையபலகை:

செவிலி அம்மையாரின் மூன்றாவது கருத்து எனக்குக் கசக்கிறது, ஆனால் மறுக்க முடியவில்லை. சிலுவையிலிருந்த கள்ளன் கடைசி மணிநேரத்தில்தான் கேட்டான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். காலம் கடந்துவிட்டது என்று யாரையும் கைவிட அந்த வசனம் நம்மை விடாது. அவன் சொன்னதும் "அடியேனை நினைத்தருளும்" என்ற ஒரே விண்ணப்பம்தான். இன்று துண்டுப்பிரசுரங்களின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் ஒப்புக்கொடுத்தல் ஜெபம் புதிய ஏற்பாட்டில் எந்த இடத்திலும் இல்லை என்பதையும், அதை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்குட்டி:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அப்பாவின் அனுமதி கேட்டு, அவர் சரி என்று சொன்ன அளவுக்கு மட்டும்.

முதலில் மருத்துவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். "எனக்கு முன்பே தெரியும், நீ எப்போது சொல்வாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். அதன் பிறகு ஒரு வாரம் எதைப் பற்றியும் பேசவில்லை. காலையில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள், எண்பதைத்தாண்டிய அம்மாவின் வாக்கியம் மனதில் இருந்ததால், "உங்கள் கணக்குப் புத்தகங்களை எனக்குக் காட்டுங்களேன்" என்று கேட்டேன். இத்தனை வயதில் நான் அவற்றைத் திறந்து பார்த்ததே இல்லை.

பெட்டியோடு எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பேரேடு. சிவப்பு மையில் கூட்டுத்தொகை, அதன் கீழே இரட்டைக் கோடு. 1987-ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்தபோது என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நெடுநேரம் தேடி ஒரு பக்கத்தைத் திறந்து, ஓர் எண்ணின் மீது விரலை வைத்தார். அந்த 7 முதலில் 1 என்று எழுதப்பட்டிருந்தது. மேல்கோடு பிறகு சேர்க்கப்பட்டது என்பது மையின் நிறத்திலேயே தெரிந்தது.

அந்த ஆண்டு உண்டியலில் பணம் குறைகிறது என்று ஆலயக் காவலாளியின் மீது புகார் செய்ததும், அவரை வேலையிலிருந்து நிறுத்தியதும் அப்பாதான். எட்டு மாதம் கழித்துத் தணிக்கைக்காக எடுத்துப் பார்த்தபோது, பணம் குறையவே இல்லை, தம் கை எழுதிய எண்தான் பிழை என்று அவருக்குத் தெரிந்தது. மேல்கோட்டை இழுத்துத் திருத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. அந்த மனிதர் அதற்குள் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டிருந்தார். "எவனுடைய காசையாவது எடுத்தேனா" என்று அவர் என்னிடம் சத்தம் போட்டது எதை நினைத்து என்று அப்போதுதான் விளங்கியது.

உண்மையைச் சொன்னால், என் நாக்கு நுனியில் நான்கு வசனங்கள் நின்றன. விழுங்கிவிட்டேன். "மன்னிப்பு உண்டு அப்பா" என்று நான் அந்த நொடியில் சொல்லியிருந்தால், அது மறுபடியும் ஒரு மேல்கோடாகத்தான் ஆகியிருக்கும் என்று தோன்றியது. அவரே சற்று நேரம் கழித்து, "அந்தக் குள்ளன் கதையை வாசி" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய, வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவைச் சொல்கிறார்.

லூக்கா 19-ஐ வாசித்தேன். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று அதற்குப் பிறகுதானே வருகிறது?" என்றார். ஆமாம் என்றேன். "கணக்கைத் தீர்த்ததற்கு அப்புறமா, தீர்ப்பதாகச் சொன்னதற்கு அப்புறமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பழையபலகை ஐயா, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பழையபலகை:

சொன்னதற்குப் பிறகு. பணம் கைமாறியதாக வசனத்தில் இல்லை. அதற்கும் முன்னால், சகேயு ஒரு காசும் எடுத்து வைக்காதபோதே, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று ஆண்டவர் சொல்லிவிட்டார் என்பதையும் அப்பாவிடம் காட்டுங்கள். வரிசை முக்கியம், அவர் அதைக் கவனிக்கக்கூடியவர்.

எண்பதைத்தாண்டியவள்:

மகளே, அந்தக் காவலாளியின் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?

என் பக்கத்தில் ஒரு செய்தி. சென்ற ஞாயிறு மகன் அழைத்தான். வழக்கமான கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், "உனக்கு ஓர் அக்கா இருந்தாள்" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பெயர் வைத்திருந்தீர்களா அம்மா?" என்று கேட்டான். இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. வழக்கமான கேள்வியை அன்று அவன் கேட்கவில்லை.

கடைக்குட்டி:

ஒரு மகன் இருக்கிறார் அம்மா. சபையின் பழைய உறுப்பினர் ஒருவர் மூலம் முகவரி கிடைத்திருக்கிறது. அப்பாவுக்குக் கை நடுங்குவதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். "கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை" என்று முதலில் சொன்னார். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லி, "கவனக்குறைவால்" என்பதை அடிக்கச் சொன்னார். அத்தோடு களைத்துப்போய்ப் படுத்துவிட்டார். நாளைக் காலை மறுபடியும் உட்காருகிறோம்.